சாக்கோடு எடை போட்டு வீடு வாங்கலாமா?



நம் கடைவீதியில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "மளிகையில் முன்போல் மிச்சமில்லை. சென்னையில் ஒரு ஃபிளாட் வாங்கிப் போட்டால் வாடகையும் வரும், விலையும் ஏறும்." இப்படிச் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். ஒரு மூட்டை பருப்பு வாங்குமுன் கையில் அள்ளிப் பார்த்து, பல்லில் கடித்துப் பார்த்து வாங்குபவர்கள். அவர்களே அறுபது லட்ச ரூபாய்ச் சரக்கை வண்ணப்படம் பார்த்து வாங்குகிறார்களே என்பதுதான் நம் வருத்தம்.

நாமும் அப்படி ஏமாந்தவர்களே. 2012இல் புறநகரில் கட்டவிருந்த ஒரு குடியிருப்பில் வீடு பதிவு செய்தோம். இரண்டே ஆண்டில் சாவி என்றார்கள், ஐந்தாண்டு ஆயிற்று. அந்தத் தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2015இல் துவரம் பருப்பு சில்லறையில் கிலோ 200 ரூபாயை நெருங்கியது பலருக்கு நினைவிருக்கும். விலை இரட்டித்தால் அதே 100 மூட்டைக்கு இரு மடங்கு முதல் வேண்டும். நம் கைமுதலோ பாதி எழும்பிய தூண்களில் முடங்கிக் கிடந்தது. ஆண்டுக்கணக்காக நம்மிடமே கொள்முதல் செய்த கடைக்காரர்களுக்கு 'சரக்கு இல்லை' என்று சொல்ல நேர்ந்தது. வட்டிக்கு வாங்கிச் சமாளித்தோம். ஆனால் அன்று போன வாடிக்கையில் பாதி இன்றுவரை திரும்பவில்லை.

ஆகவே நாம் வலியுறுத்துவது ஒன்றே. கடையில் சுழலும் பணம் வேறு, ஒதுக்கி வைத்த பணம் வேறு. வீடு வாங்குவது இரண்டாவதில்தான் இருக்க வேண்டும்.

அடுத்து, கணக்கு. 60 லட்ச ரூபாய் வீடு, பத்திரச் செலவு சேர்த்து 65 லட்சம் என்று வையுங்கள். மாத வாடகை 16,000 என்றால் ஆண்டுக்கு 1,92,000. ஆள் மாறும்போது ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். சொத்து வரி, வெள்ளையடிப்பு, பழுது எல்லாம் போகக் கையில் நிற்பது 1,60,000 அளவில். இது இரண்டரை சதவீதம்கூட முழுதாக இல்லை. 40 லட்சம் கடனை எட்டரை சதவீத வட்டிக்கு 20 ஆண்டு தவணையில் வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 34,700. வாடகை போக மீதி 18,700 ரூபாயை மாதாமாதம் கல்லாதான் கட்ட வேண்டும். விலை ஏறும் என்பது நம்பிக்கை. தவணை வரும் என்பது நிச்சயம்.

மூன்றாவது, எடை. சாக்கு எடை கழிக்காமல் யாரும் பணம் தருவோமா? 'சூப்பர் பில்டப்' என்பது சாக்கோடு சேர்ந்த எடை. மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாம் அதில் அடங்கும். சுவருக்குள் நாம் புழங்கும் 'கார்ப்பெட்' பரப்புதான் நிகர எடை. 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி கட்டுநர் இந்த அளவைச் சொல்லியாக வேண்டும். விலையை அதால் வகுத்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியம் மனையில் வரும் பிரிக்கப்படாத பங்கு, அதாவது யு.டி.எஸ். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேயும், நிலம்தான் நிற்கும். ஒரு கிரவுண்டில் நான்கு வீடென்றால் தலைக்கு 600 சதுர அடி. எட்டு வீடென்றால் 300. நாளை இடித்துக் கட்டும்போது பேசப்போவது இந்தப் பங்குதான்.

கட்டி முடித்து நிறைவுச் சான்று பெற்ற வீடே நமக்கு ஏற்றது. அதற்கு ஜிஎஸ்டி கிடையாது. கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு 2019 ஏப்ரல் முதல் 5 சதவீதம், சலுகை விலை வீட்டுக்கு 1 சதவீதம். அதை நம் கடை வரியில் கழித்துக்கொள்ளவும் முடியாது. கட்டும் நிலையிலேயே வாங்குவதானால் ரெரா பதிவு எண்ணைச் சரிபாருங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கட்டுநருக்கு உரிமை இல்லை. 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் கட்டி எழும்பிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் போனதை மறக்கலாகாது. மண் பரிசோதனை, திட்ட அனுமதி, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று அனைத்தையும் கட்டுநர் காட்டும் வக்கீலிடம் அல்ல, நம் சொந்த வக்கீலிடம் காட்டுங்கள்.

பிறகு, ஒரு மழைநாளில் அந்தத் தெருவுக்கு நேரில் போங்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை நின்றது என்று மூலையில் உள்ள மளிகைக் கடைக்காரரைக் கேளுங்கள். கோடையில் லாரித் தண்ணீரா, எந்த வீடு எத்தனை மாதம் பூட்டிக் கிடக்கிறது, வாடகை உண்மையில் என்ன என்பதெல்லாம் தரகரைவிட அவருக்கே தெரியும். அவர் நம் இனம், மறைக்க மாட்டார்.

வீடு வாங்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முதுமையில் வாடகை ஒரு துணைதான். ஆனால் நமக்குச் சோறு போட்டது கடை. அதன் முதலைக் காத்துக்கொண்டு, மிஞ்சியதில், சரக்கு பார்ப்பதுபோல் பார்த்து வாங்குவோம்.