ஸ்கோருக்கு முன் கேட்க வேண்டியது

பாடசாலை றக்பி லீக் ஆரம்பித்துவிட்டால் நம்மவர் வட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான்: ஸாஹிரா என்ன ஸ்கோர்? நானும் கேட்பவன்தான்.

சில வருடங்களுக்கு முன், வேறு இரு பாடசாலைகள் மோதிய முதல் சுற்றுப் போட்டி. தலையில் அடிபட்ட பையன், எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றான். பழைய மாணவர்கள் "விளையாடு மச்சான்" என்று கத்தினார்கள். விளையாடினான்.

உலக றக்பி அமைப்பின் விதி தெளிவானது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே வீரரை வெளியே எடுக்க வேண்டும். அன்று மீண்டும் இறக்கக் கூடாது. ஆனால் முதல் போட்டியிலேயே தோற்றால் பயிற்றுவிப்பாளரின் கதிரை ஆடும். அவரிடமே அந்த முடிவை விடுவது நியாயமா? மைதானத்து வைத்தியரிடம் கொடுங்கள். அடுத்த போட்டிக்குப் போகும் வாப்பாமார், ஸ்கோருக்கு முன் வைத்தியர் வந்திருக்கிறாரா என்று கேளுங்கள்.