செக்ரோலிலிருந்து முகிலுக்கு

இயந்திரம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம்மிற் பலருக்கு இருவகை எண்ணங்கள் தோன்றுகின்றன. பாரம் குறையும் என்ற மகிழ்ச்சி ஒன்று. பிழைப்புப் போய்விடுமோ என்ற அச்சம் மற்றொன்று. இரண்டும் புதியன அல்ல. கண்டி மாநகரைச் சூழ்ந்து நிற்கும் மலைகள் இவற்றை நூற்றைம்பது ஆண்டுகளாக அறியும்.

1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பறித்த கொழுந்தைத் தம் பங்களாவின் விறாந்தையிலே மேசைமீது பரப்பி, மணிக்கட்டு முதல் முழங்கை வரை கையையே கருவியாக்கி உருட்டச் செய்தார். ஒரே அசைவு, ஓராயிரம் முறை. கை ஓய்ந்துபோகும் அவ்வேலைக்கென 1872 இல் அவரே உருட்டும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். அன்று முதல் உருட்டும் தொல்லை மனிதரை விட்டு மெல்ல நீங்கிற்று. ஹந்தானையில் 1925 இல் எழுந்த தொழிற்சாலை இன்று தேயிலை அரும்பொருட்சாலையாக விளங்குகிறது. அங்கே செல்வோர் இத்தகைய பழைய இயந்திரங்களைக் கண்ணாரக் காணலாம்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொழுந்து பதமாக வாடிவிட்டதா, நொதித்தது போதுமா என்பதை அவ்வியந்திரம் அறியாது. டீமேக்கர் கையால் தொட்டு, மூக்கால் முகர்ந்து அறிவார். உருட்டுவது இயந்திரத்தின் வேலை. போதும் என்று நிறுத்துவது மனிதனின் வேலை. இந்தப் பங்கீட்டை மறந்தால் தேயிலை கெடும். தேயிலைக்கு மட்டுமன்று, இக்காலத்துக் கணினிக் காரியங்களுக்கும் இது பொருந்தும் என்பதையே இவ்வாரம் சொல்ல விரும்புகிறோம்.

தோட்டத்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மலையிலே நிறுத்த கொழுந்தின் நிறையைக் கணக்கப்பிள்ளை சிறு செக்ரோலில் எழுதுவார். கந்தோரில் அது பெரிய செக்ரோலுக்குப் பெயர்த்தெழுதப்படும். அங்கிருந்து சம்பளப் பட்டியலுக்கும், 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பெற்ற ஊழியர் சேமலாப நிதிக்கும், பின்னர் வங்கிக்கும் அதே பெயரும் தொகையும் பயணம் செய்ய வேண்டும். ஒரே செய்தி; ஏடுகளோ பல. இன்று வங்கி, மருத்துவமனை, பெருங்கம்பனி ஆகிய யாவற்றிலும் இவ்வேடுகளின் இடத்தில் கணினிகள் அமர்ந்திருக்கின்றன. ஒரு கணினி பேசும் மொழி மற்றொன்றுக்கு விளங்காது. எனவே இடையிலே துவிபாஷி போல ஒரு மென்பொருள் வேண்டும். ஓரிடத்திலிருந்து செய்தியை வாங்கி, அடுத்த இடத்துக்கு ஏற்ற வடிவில் மாற்றி, தவறாது சேர்ப்பிப்பதே அதன் கடமை. சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் கலந்து வழங்கும் நம் நகரத்தாருக்குத் துவிபாஷியின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்விணைப்பு மென்பொருள் செய்வதில் நம் நாடு உலக அரங்கிற் பெயர் பெற்றுள்ளது என்பது பெருமைக்குரிய செய்தி. சஞ்சீவ வீரவரண முதலியோர் 2005 இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனத்தின் இணைப்பு மென்பொருளை அமெரிக்காவின் ஈபே போன்ற பெரு வணிகத் தலங்களும் கையாண்டன. பேராதனைப் பல்கலைக்கழகம் முதலிய இடங்களிற் கணினி கற்று வெளிவந்த நம் இளைஞரும் யுவதிகளும் பலர் இத்துறையில் உழைக்கின்றனர்.

இப்பொழுது இத்துவிபாஷிக்கு வீடு மாறும் காலம் வந்திருக்கிறது. காரியாலயத்து அறையொன்றில் இருந்த கணினியை விட்டு, 'முகில்' எனப்படும் இடத்துக்கு அது குடிபெயர்கிறது. முகில் என்றதும் ஹந்தானை உச்சியிற் படியும் மூடுபனியை நினைத்துவிடல் ஆகாது. பிறர் நடத்தும் பெருங் கட்டடங்களில் அடுக்கி வைத்த கணினிகளைத் தொலைவிலிருந்து வாடகைக்கு அமர்த்துவதே அதன் பொருள். மைக்ரோசொஃப்ட் 2015 இல் சென்னையிலும், அமேசன் 2016 இல் மும்பாயிலும் இத்தகைய நிலையங்களைத் திறந்தன. கண்டியில் எழுதும் கணக்கு கடல் கடந்து அங்கே காக்கப்படலாம்.

வீடு மாற்றினாற் போதுமா? போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2023 இல் அரசாங்க முகிலில் இயங்கிய மின்னஞ்சற் சேவை கயவரின் தாக்குதலுக்கு ஆளாயிற்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள் மீட்க இயலாது அழிந்தன; ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. இடம் முகிலே. ஆனால் அங்கே ஓடிய மென்பொருளோ 2013 ஆம் ஆண்டினது. அதற்குச் செய்தவர்களே 2023 ஏப்ரலோடு பராமரிப்பை நிறுத்தியிருந்தனர். பழைய ஓட்டைப் பெட்டியைப் புது வீட்டுக்குத் தூக்கிச் சென்றாற் பெட்டியின் ஓட்டை அடைபடுமோ?

ஆகையால் இடம் மாற்றும்போது இணைப்புகளையும் செப்பஞ் செய்து மாற்ற வேண்டும். இங்கேதான் சலிப்பூட்டும் வேலை தொடங்குகிறது. பெரிய நிறுவனமொன்றில் இத்தகைய இணைப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றிற்கும் முகவரி மாற்றுதல், கடவுச்சொல்லை இரகசியக் காப்பில் வைத்தல், எந்தக் கட்டத்துச் செய்தி எந்தக் கட்டத்துக்குப் போகும் எனப் பொருத்துதல், பிழை நேர்ந்தால் என்ன செய்வது என எழுதுதல், சோதித்தல் ஆகிய அனைத்தையும் செய்தல் வேண்டும். சோதனைக்கு ஒரு தளம், மெய்யான பாவனைக்கு ஒரு தளம் என்று அவற்றையே மீண்டும் மீண்டும் செய்யவும் வேண்டும். நூறாவது முறை எழுதும் கைக்குத் தூக்கம் வரும். தூங்கிய கை ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிவிடும்.

இவ்வேலையை இயந்திரத்துக்கு விடுவதே விவேகம். பழைய அமைப்பைப் படித்துப் புதிய வடிவில் எழுதித் தரும் கருவிகள் இன்று உள்ளன. நல்ல கருவி, தன்னால் மாற்ற இயலாத பகுதியை மூடி மறைப்பதில்லை. 'இங்கே மனிதர் பார்க்க வேண்டும்' என்று குறித்து அறிக்கை தருகிறது. வேறொரு முறையும் உண்டு. ஒரே செய்தியைப் பழைய இணைப்புக்கும் புதியதற்கும் அனுப்பி, இரண்டும் தரும் விடைகளைக் கணினியைக் கொண்டே ஒப்பிடுவது. மனிதர் ஒரு வாரம் இருந்து செய்யும் ஒப்பீட்டை அது ஓர் இரவில் முடித்துவிடும். வேறுபட்டவற்றை மட்டும் விடியற்காலையில் நம் முன் வைக்கும்.

அவ்வாறு எஞ்சிய வேறுபாடுகளிலேதான் உண்மையான காரியம் அடங்கியிருக்கிறது. மலையகத்துப் பெண்ணொருத்தியின் பெயர் ஓர் ஏட்டில் லெட்சுமி, மற்றொன்றில் லெச்சுமி, அடையாள அட்டையில் இலட்சுமி. பிறமொழிகளில் எழுதிய துரைமாரும் இலிகிதரும் தத்தம் செவிக்கு எட்டியவாறு எழுதிவைத்த வினை இது. இம்மூவரும் ஒருத்தியா, மூவரா? அயர்ந்துபோய்ச் சேர்த்துவிட்டால் ஒருத்தியின் பணம் மற்றொருத்திக்குப் போகும். பிரித்துவிட்டாலோ, முப்பது ஆண்டு கூடை சுமந்தவள் முதுமையில் சேமலாப நிதி வேண்டி அலைவாள். இயந்திரம் இங்கே ஐயத்தை எழுப்பலாம்; தீர்ப்புச் சொல்லலாகாது. ஏட்டைப் புரட்டி, தோட்டத்தாரைக் கேட்டு, அவளையே அழைத்து விசாரித்துத் தீர்மானிக்க ஒரு மனிதர் வேண்டும்.

மேனாட்டார் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடமும் இதுவே. பிரித்தானியாவின் டீ.எஸ்.பீ. வங்கி 2018 ஏப்ரலிற் தன் 52 இலட்சம் வாடிக்கையாளரின் கணக்குகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றிற்று. கணக்குகள் பத்திரமாகவே போய்ச் சேர்ந்தன. எனினும் புதிய அமைப்பு அப்பாரத்தைத் தாங்குமா என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. இலட்சக்கணக்கானோர் தம் பணத்தைத் தாமே எடுக்க இயலாது தவித்தனர். வங்கி வழமைக்குத் திரும்ப அவ்வாண்டு டிசம்பராயிற்று. 2022 இல் 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் அபராதமும் விதிக்கப்பட்டது. சுமையைத் தூக்கும் வேலை பழுதின்றி நடந்தது, 'ஆயத்தமா?' என்று கேட்கும் வேலை பழுதாயிற்று.

இனி, பெற்றோர் மனத்திலுள்ள வினாவுக்கு வருவோம். 'இயந்திரமே இவ்வளவும் செய்யுமாயின் எம் பிள்ளை கணினி கற்று யாது பயன்?' இவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. திரும்பத் திரும்பச் செய்யும் எளிய வேலைதான் தொழிலுக்குப் புதியவருக்கு இதுகாறும் பள்ளிக்கூடமாய் இருந்து வந்தது. பத்து இணைப்புகளைக் கையால் எழுதியவரே பதினோராவதிற் பிழை காணும் கண்ணைப் பெற்றார். அப்பள்ளியை மூடிவிட்டு, நாளைக்குத் தேர்ந்த ஆசான்மாரை எங்கே தேடுவது?

ஆகவே தொழில் நடத்துவோருக்கு ஒரு கடமை உண்டு. இயந்திரம் மீதப்படுத்தித் தரும் நேரம் முழுவதையும் இலாபக் கணக்கில் எழுதிவிடாமல், அதில் ஒரு பங்கைப் புதியவரின் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். இயந்திரம் 'ஐயம்' என்று ஒதுக்கியவற்றை மூத்தவர் ஒருவர் அருகிருக்க அவர்கள் ஆராயட்டும். முதற் சில இணைப்புகளைக் கையாலே எழுதிப் பழகட்டும். கற்கும் பிள்ளைகளும் கருவியை ஓட்டும் விரைவோடு நின்றுவிடாமல், அது தந்த விடையை ஐயுற்று நோக்கும் பொறுமையையும் பழகிக்கொள்ளல் வேண்டும். அதற்குக் கணினி அறிவோடு, கணக்குக்குரிய மனிதரைப் பற்றிய அறிவும் வேண்டும். லெட்சுமி என்ற பெயர் எத்தனை வகையாய் எழுதப்படும் என்பதை அறிந்த தோட்டத்துப் பிள்ளைக்கு இத்தொழிலில் மதிப்புமிக்க இடம் உண்டு.

டெயிலரின் இயந்திரம் விறாந்தையில் உருட்டிய கைகளுக்கு ஓய்வு தந்தது. கொழுந்து பறிக்கும் கைகளோ இன்றும் மழையில் நனைகின்றன. ஒரு கருவி வந்ததும் அதன் பயன் யாவரையும் தானே சென்று அடைந்துவிடாது. அதைப் பங்கிடுபவர் மனிதரே. ஆயிரம் ஏடுகளை ஓரிரவில் முகிலேற்றும் ஆற்றல் இன்று நம்மிடம் உண்டு. அவ்வேடுகளில் ஒருத்தியின் பெயரும் தவறிப்போகவில்லை என்று உறுதி சொல்லும் பொறுப்பும் நம்மிடமே இருக்கிறது.