புகையும் புளுகும்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் நுளம்புப் புகை விசிறும்போதெல்லாம் இரண்டு கூச்சல்கள் என் காதில் விழுகின்றன. "இதனால் ஒரு தீங்குமில்லை" என்பது ஒன்று. "வைரசோடு இந்த மருந்தும் உடலில் சேர்ந்தால் புற்றுநோய் நிச்சயம், ஆய்வுகூடத்தில் நிரூபித்துவிட்டார்கள்" என்பது மற்றையது. இரண்டையும் நான் ஏற்பதற்கில்லை.

ஆய்வுகூடத்தில் நடப்பது என்ன? அம்ஸ்டர் எலியின் கருக் கலங்களைத் தட்டில் வளர்த்து, இரசாயனத்தைச் சேர்த்து, கட்டி உண்டாக்கும் அடெனோ வைரசைத் தொற்றச் செய்வார்கள். உருமாறி, கட்டுப்பாடின்றிப் பெருகி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும் கலத்திட்டுகளை எண்ணுவார்கள். இரசாயனம் சேர்ந்த தட்டில் அவை மிகுந்தால் அந்த இரசாயனம் ஐயத்துக்குரியது. ஐயம்தான், தீர்ப்பன்று. தட்டில் வளரும் கலம் மனிதனுமன்று. டெங்கு வைரசோ கட்டி உண்டாக்கும் இனத்தைச் சேர்ந்ததன்று.

இதைப் படித்து அதிகாரிகள் மகிழவேண்டாம். 2015இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மாலத்தியோனையும் டி.டி.ரி.யையும் 'மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. எவ்வளவு மருந்து எத்தனை பேரைப் பாதிக்கும் என்பதை அவ்வகைப்பாடு சொல்லாது. ஆயினும், 'தீங்கே இல்லை' என்று இனி எவரும் சத்தியம் செய்யமுடியாது.

இவ்விரண்டும் இந்நாட்டின் வீட்டுச் சுவர்களில் தெளிக்கப்பட்ட மருந்துகள். அவை உயிர் காத்தன என்பதை மறுப்பவன் வரலாறு அறியாதவன். 1934-35 மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. டி.டி.ரி. வந்தபின், 1963இல் நோயாளர் வெறும் 17 பேர். தெளிப்பு நின்றதும், 1968-69இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 2016இல் மலேரியா அற்ற நாடென்ற சான்றிதழ் கிடைத்தது.

அந்தச் சான்றிதழுக்காகத் தெளிகருவியைத் தோளில் சுமந்த தொழிலாளி என்னவானான்? அவர்களின் பெயர்ப்பட்டியலும் மருத்துவப் பதிவும் எங்கே என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். தேநீர் தந்தார்கள்; பதில் தரவில்லை. எலியின் கலங்களைப் பற்றி வாதிடும் நாம், ஆண்டுக்கணக்கில் அந்தக் காற்றைச் சுவாசித்த மனிதர்களை எண்ணிப்பார்க்கவில்லை. உண்மையான ஆய்வு அவர்களிடமிருந்தே தொடங்கவேண்டும்.

2017இல் கிண்ணியாவில் டெங்கு உயிர்களைக் காவுகொண்டது. அவ்வாண்டு நாடெங்கும் நோயுற்றோர் 1,86,000க்கு மேல். புகை, பறக்கும் நுளம்பைக் கொல்லும்; பூச்சாடியிலும் பழைய டயரிலும் நெளியும் குடம்பியைத் தொடாது. புகைக்குப் பயந்து கதவைச் சாத்துவோரே, முதலில் முற்றத்துச் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். புகை விசிறுவோரே, அந்தத் தொழிலாளிக்கு முதலில் ஒரு முகக்கவசம் கொடுங்கள்.