குரைக்கும் நாய்: குற்றம் யார் மீது?

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். கடிக்காமல் இருக்கலாம். ஆனால் தூக்கத்தைக் கெடுத்துவிடும்!

ஒரு வீட்டில் நாய் இரவெல்லாம் குரைக்கிறது. அடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பையன் இருக்கிறான். மருந்து சாப்பிட்டுப் படுத்த பாட்டி இருக்கிறார். விடிந்தால் வேலைக்கு ஓட வேண்டிய தகப்பனார் இருக்கிறார். நாய்க்காரருக்கு அது காவல். இவர்களுக்கு அது வேதனை!

நாய் காரணம் இல்லாமல் குரைப்பது இல்லை. பசித்தால் குரைக்கும். நாள் முழுவதும் கட்டிப் போட்டால் குரைக்கும். தனியே விட்டுப் போனாலும் குரைக்கும். ஆகவே குற்றம் நாய் மீது அல்ல, வளர்ப்பவர் மீதுதான். எப்போதும் கட்டிக் கிடக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

எங்கே சொல்வது?

முதலில் நாய்க்காரரிடமே சொல்ல வேண்டும். நள்ளிரவில் சண்டையாக அல்ல. காலையில், நல்ல வார்த்தையாக. வீட்டில் ஆள் இல்லாதபோது நாய் குரைப்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

அப்படியும் கேட்கவில்லையா? எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் குரைத்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். பிறகு நகராட்சிக்கும் போலீஸ் நிலையத்துக்கும் மனு எழுத வேண்டும். சென்னையில் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம்.

மனுவில் தெருக்காரர்கள் நாலு பேர் கையெழுத்து இருப்பது நல்லது. ஒருவர் மட்டும் சொன்னால், இரண்டு வீட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிடுவார்கள். அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் தொல்லை என்றால்தான் அது பொதுத்தொல்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள சட்டப்படி, பொதுத்தொல்லைக்கு ரூ.1,000 வரை அபராதம் உண்டு. மனு கொடுத்ததும் ரசீது வாங்க மறக்கக் கூடாது.

அலட்சியம் கூடாது

"நாய்தானே! இதற்கெல்லாம் மனுவா?" என்று அதிகாரிகள் சிரிக்கக் கூடாது. சிறிய மனுவைக் கேட்காமல் விட்டால், அது பெரிய பகையாகிவிடும். ஆத்திரத்தில் யாராவது சோற்றில் விஷம் வைத்துவிடுவார்கள். அதற்கு 5 ஆண்டு வரை ஜெயில்! செத்ததோ, ஒரு பாவமும் அறியாத வாயில்லாப் பிராணி.

நாய் வளர்ப்பது அவரவர் விருப்பம். நிம்மதியாகத் தூங்குவது எல்லோருடைய உரிமை. வளர்ப்பவர் மாலையில் அரை மணி நேரம் நாயை வெளியே அழைத்துப் போனாலே, பல தெருக்களில் மனுவுக்கு வேலை இருக்காது!