பட்டறையில் படிப்பதா, போனில் படிப்பதா?

கொஞ்சம் நீளமான பதிவு. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் முழுக்கப் படித்துவிடுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஆட்டோ ஓட்டுகிறான். மகள் பத்தாம் வகுப்பு தேறிவிட்டாள். ஒரு நிறுவனத்திலிருந்து தினமும் அவனை அழைக்கிறார்களாம். ஆன்லைனில் ஆறு மாத எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, கட்டணம் 45,000 ரூபாய், மாதத் தவணையில் கட்டலாம், வேலைக்கு அவர்களே பொறுப்பு. முன்பணம் கட்ட மறுநாள்தான் கடைசி நாள் என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். "வீட்டுலயே இருந்து படிக்கலாம்ல டீச்சர், பொம்பளப் புள்ள வேற" என்றான். "கட்டாதே, ரெண்டு நாள் பொறு" என்றேன். அவனுக்குச் சொன்னதையே இங்கே எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஆன்லைன் படிப்பே மோசம் என்று நான் சொல்லமாட்டேன். நானே வேலையில் சேர்ந்த பிறகு அஞ்சல் வழியில்தான் பி.ஏ. முடித்தேன். தபாலில் வந்த பாடங்களை அடுப்படியில் வைத்துப் படித்தவள் நான். என் அண்ணன் மகள் கைக்குழந்தையோடு இருந்த நாளில் ஜி.எஸ்.டி. கணக்கை ஆன்லைனில் கற்றுக்கொண்டாள். அவள் ஏற்கெனவே பி.காம்., நாலு வருடம் ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவள். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர் நடத்தும் பாடத்தைக்கூடக் காசில்லாமல் கேட்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பி.ஏ.வைத்தான் அஞ்சலில் படித்தேன். டீச்சர் வேலையை அஞ்சலில் கற்கவில்லை. 1980-ல் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது மூன்றாம் வகுப்புக்கு முதல் பாடம் எடுக்கப் போனேன். பாடக்குறிப்பு, சார்ட், மின்னட்டை எல்லாம் தயார். நாற்பது நிமிடப் பாடத்தைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, வியர்த்து வழிய நின்றேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் விரிவுரையாளர் அம்மா பிறகு கூப்பிட்டு, "பாடம் சரி. ஆனா நீ கரும்பலகைகிட்ட பேசினே. பிள்ளைங்ககிட்ட பேசலியே" என்றார். எந்தப் புத்தகத்தைப் படித்திருந்தாலும் அது எனக்குத் தெரிந்திருக்காது. நான் தப்பு செய்யும்போது ஒருவர் பின்னால் உட்கார்ந்து பார்த்ததால் தெரிந்தது.

கைத்தொழிலுக்கு இது இன்னும் பொருந்தும். சால்டரிங் செய்வதை வீடியோவில் நூறு தடவை பார்க்கலாம். ஈயம் சரியாகப் பிடித்ததா, சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்பது செய்து பார்த்த கைக்குத்தான் தெரியும். கரண்ட் வேலையில் தப்பு செய்தால் கையைப் பிடித்து இழுக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும். பொறியியல், மருத்துவம், நர்சிங் பட்டப் படிப்புகளைப் பல்கலைக்கழக மானியக் குழு ஆன்லைனில் நடத்த விடாததும் காரணமில்லாமல் இல்லை. ஆகவே என் கருத்து இதுதான்: தெரிந்த தொழிலை வளர்த்துக்கொள்ள ஆன்லைன் நல்லது, தெரியாத தொழிலைத் தொடங்குவதற்குப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, பஸ் பாஸ் தருகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. வெல்டர், ஒயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். பெண்களுக்கு உச்ச வயது வரம்பும் இல்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். இவ்வளவு இருந்தும் அது நம் கண்ணில் படுவதில்லை. யாரும் தினமும் போன் செய்து கூப்பிடாததுதான் காரணமோ என்னவோ.

கண்ணில் படாததற்கு நானும் ஒரு காரணம். அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடித்தால் நியாயமில்லை. 1996-ல் ஒரு மாணவனின் அப்பா வந்து, "பையனை ஐ.டி.ஐ.யில் சேர்க்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டார். எங்கள் பள்ளியின் பழுதான ரேடியோவைப் பிரித்துப் பாட வைத்த பையன் அவன். நானோ, "அது படிப்பு வராத பிள்ளைங்களுக்குங்க. பிளஸ் ஒன்ல சயன்ஸ் குரூப் சேருங்க" என்றேன். பிளஸ் டூவில் இயற்பியலில் தோற்று, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். சில வருடம் முன்பு ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். நானாகவே அந்தப் பேச்சை எடுத்தேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அப்பா நம்பினார் டீச்சர்" என்றான், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கட்டடமும் போர்டும் இருந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். மெஷின்மேல் துணி போர்த்தி வைத்திருக்கும் நிலையங்களும் உண்டு. பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, பட்டறை எங்கே, ஒரு மெஷினுக்கு எத்தனை பிள்ளைகள்? இரண்டு, சான்றிதழ் யாருடையது? அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதி வாங்கும் தேசியத் தொழிற்சான்றிதழா, அவர்களே அச்சடித்த காகிதமா? மூன்று, போன வருடம் முடித்த இரண்டு பிள்ளைகளிடம் பேச முடியுமா? இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் "இன்றே கடைசி நாள்" என்பவர்களை நம்பாதீர்கள்.

பெண் பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கும் பெண்ணைப் படிக்க விடுகிறோமா? "சும்மாதானே இருக்கே, அந்தப் பாத்திரத்தைக் கழுவு" என்கிறோம். காலை எட்டு மணிக்கு அவள் பஸ் ஏறிப் போனால்தான் அந்த நேரம் அவளுடையது.

ஆட்டோ ஓட்டும் என் மாணவன் நேற்று மகளோடு பக்கத்து ஊர் அரசு ஐ.டி.ஐ.யைப் பார்க்கப் போயிருக்கிறான். எலக்ட்ரானிக் மெக்கானிக் பட்டறையிலிருந்து அவளை வெளியே கூட்டி வருவதே பெரும்பாடாகிவிட்டதாம். விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். மதிப்பெண் பார்த்துத்தான் இடம். கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஐ.டி.ஐ. படித்து இன்று நல்ல நிலையில் இருக்கும் என் பிள்ளைகள் எத்தனையோ பேர் இதைப் படிப்பீர்கள். எந்த டிரேடு, இப்போது என்ன வேலை என்று கீழே எழுதுங்கள். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் பெற்றோர் நம்புவார்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்