பட்டறையைப் பார்த்து மோட்டாரைக் கொள்

"மாமா, கேடிஎம் மூடப் போறானாம். இப்ப நான் என்னா மோட்டார் எடுக்கிறது?"

2024 நவம்பர் கடைசியில் அக்கா மகன் இப்படிக் கேட்டான். சுங்கை பாக்காப் பெரிய சாலையில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தோம். முன்னால் வைத்த தே தாரேக்கை அவன் தொடவே இல்லை. கண் கைப்பேசியிலேயே இருந்தது. ஆஸ்திரியாவின் கேடிஎம் நிறுவனம் கடனை அடைக்க வழியில்லாமல் நீதிமன்றத்தில் மனுப் போட்டுவிட்டதாகச் செய்தி. பையன் ஒன்றரை வருடமாக முன்பணம் சேர்த்துக்கொண்டிருந்தான். அவன் அறைச் சுவரில் சாமி படத்துக்கும் மேலே ஆரஞ்சு நிற டியூக் ஒன்று தொங்கும்.

மேசையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஒருவர் யமஹா என்றார். இன்னொருவர், "ஹோண்டா எடுடா, ஒன் பேரன் காலத்துக்கும் ஓடும்" என்றார். மூன்றாமவர் ஏதோ சீனக் கம்பெனியின் பெயரைச் சொல்லி, "அதே பவரு, பாதி வெலை லா" என்றார். ஒரு கம்பெனி படுத்தால் இன்னொரு கம்பெனி, அவ்வளவுதான். "இது கெட்டுப்போனா இங்க யாரு பார்ப்பா?" என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அது உறைத்தது. என் வீட்டிலேயே அந்தக் கேள்விக்கு விலை கொடுத்த ஒருவன் இருக்கிறான்.

அவன் என் தம்பி. பத்து வருடத்துக்கு முன் 150 சிசி மோட்டார் ஒன்று வாங்கினான். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். அதை இங்கே விற்றவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போய்ப் பல வருடமாகிறது. இல்லாதவர்களோடு எனக்கென்ன வழக்கு? வாங்கிய மூன்றாவது வருடம் முன் பிரேக்கின் மாஸ்டர் பம்ப் ஒழுகத் தொடங்கியது. உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். "ஆர்டர் போட்டாச்சு, அடுத்த வாரம் வந்துரும்" என்றார்கள். நாலு மாதம் அடுத்த வாரமாகவே ஓடியது. வேறு மோட்டாரின் பம்பை எடுத்துப் பொருத்திப் பார்த்தார்கள், சேரவில்லை. பத்து காவானில் அவனுக்கு இரவு ஷிப்ட். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. மோட்டார் நின்றால் சம்பளமும் நின்றுவிடும். பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டினான். மழை பெய்த ஒரு ராத்திரி, சாலைச் சந்திப்பில், முன்னால் போன லாரி நின்றது, இவன் மோட்டார் நிற்கவில்லை. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. எட்டு மாதம் வீட்டில் கிடந்தான். அந்த எட்டு மாதமும் தவறாமல் வந்தது லோன் கடிதம் மட்டும்தான்.

பிரேக் இல்லாத வண்டியை ஓட்டியது முட்டாள்தனம்தானே என்பீர்கள். ஆமாம், முட்டாள்தனம்தான். அந்த முட்டாள்தனத்தைச் செய்யாமல் வீட்டில் உட்கார நம்மில் எத்தனை பேருக்கு வசதி இருக்கிறது? இந்த நாட்டுச் சாலைகளில் சாகிறவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். மிச்சப் பேருக்குப் பொழுதுபோக்காக இருக்கும் பேச்சு நமக்குக் கால், கை, உயிர் விவகாரம். அதனால்தான் 'எந்த பிராண்ட்' என்ற இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

மோட்டார் கம்பெனி என்ன நம் குலதெய்வமா? பெட்ரோல் டேங்கில் ஸ்டிக்கர், சட்டையில் முத்திரை, இன்னும் சிலருக்குக் கையில் பச்சை. தோட்டத்து முனியாண்டிக்குக்கூட வருடத்துக்கு ஒருமுறைதான் திருவிழா. கம்பெனியோ நம்மை அப்படி ஒருநாளும் நினைப்பதில்லை. அது கணக்குப் புத்தகத்தைப் பார்த்து வாழ்கிறது, கணக்குப் புத்தகத்தைப் பார்த்தே சாகிறது. கேடிஎம் 1991-லேயே ஒருமுறை திவாலான கம்பெனிதான். இந்த முறை 2025 பிப்ரவரியில், தங்களுக்கு வரவேண்டியதில் 30 விழுக்காடு கிடைத்தால் போதும் என்று கடன்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பணத்துக்குக் கைகொடுத்தது இந்தியாவின் பஜாஜ். மருமகன் படம் ஒட்டிக் கும்பிட்ட சின்ன டியூக்குகளைப் புனே பக்கம் சாக்கனில் செய்து தருவதும் அதே பஜாஜ்தான். அவன் மனசில் இருந்ததோ ஆஸ்திரியப் பனிமலை.

முத்திரை என்பது ஒட்டவும் உரிக்கவும் கூடியது. சந்தேகம் இருந்தால் வடக்கே கெடாவின் குருணைப் பாருங்கள். நம் தேசிய மோட்டார் என்று 1996-இல் மொடெனாஸ் கிரிஸ் அங்கிருந்து வந்தபோது கம்பத்திலும் தோட்டத்திலும் எத்தனை பெருமை. பிறகு பஜாஜின் பல்சரும் டோமினாரும் மொடெனாஸ் என்ற பெயரோடு வந்தன. கவாசாக்கியின் நிஞ்சாவும் மொடெனாஸ் நிஞ்சாவாக வந்தது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கம்பெனி பிழைக்க வேண்டும், பிழைத்தது. ஆனால் பெயரை நம்பி வாங்குகிறவன் எதை நம்புகிறான் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா?

செத்த பெயர்களும் எழுந்து வருகின்றன. ஒருகாலத்தில் உலகிலேயே பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனி என்று சொல்லிக்கொண்ட இங்கிலாந்தின் பிஎஸ்ஏ 1970-களின் தொடக்கத்தில் நொடித்துப்போனது. மைசூரில் ஜாவாவும் யெஸ்டியும் செய்த ஐடியல் ஜாவா 1996-இல் மூடியது. இன்று மூன்று பெயரும் மஹிந்திரா குழுமத்தின் ஒரே கம்பெனியிடம் இருக்கின்றன. ஜாவா 2018-இலும், பிஎஸ்ஏ 2021-இலும், யெஸ்டி 2022-இலும் திரும்பி வந்தன. புது வண்டிகள் நன்றாகவே இருக்கலாம். ஆனால் பழைய யெஸ்டி வைத்திருக்கும் ஒருவர் தன் வண்டியின் கிராங்க் ஷாப்டைக் கேட்டுப் புது ஷோரூமுக்குப் போனால் என்ன கிடைக்கும்? சாவிக்கொத்து கிடைக்கும்.

அப்படியானால் அந்தப் பழைய யெஸ்டிகளை இத்தனை வருடம் ஓட வைத்தது யார்? மைசூரிலும் பெங்களூரிலும் ஒற்றை ஷட்டர் பட்டறைகளில் கை கறுத்து நிற்கும் மெக்கானிக்குகள்.

இதைவிடப் பெரிய சாட்சி சென்னையில் இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்துக் கம்பெனி. அதன் ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடியது. 1970-க்குப் பிறகு இங்கிலாந்தில் அந்த உற்பத்தியே இல்லை. புல்லட் மட்டும் சாகவில்லை. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா அதைத் திருவொற்றியூரில் செய்துகொண்டிருந்தது. செய்யும் கருவியும் தெரிந்த கையும் அங்கே இருந்தன. தாய்வீடு இடிந்த பிறகும் பிள்ளை பிழைத்தது அதனால்தான்.

இன்னொன்று நமக்கு ரொம்பப் பக்கத்தில், மலாக்கா நீரிணையைத் தாண்டினால் போதும். வட சுமத்ராவின் பெமாத்தாங் சியாந்தார் நகரில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிஎஸ்ஏ மோட்டார்களோடு பக்கப்பெட்டி சேர்த்துப் பெச்சாவாக ஓட்டுகிறார்கள். கம்பெனி போய் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் சில வண்டிகள் ஓடுகின்றன. உள்ளூர் லேத்துப் பட்டறையில் கடைந்த சாமான்களை வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிஎஸ்ஏ என்ற மூன்று எழுத்தை யார் வாங்கினார், யாருக்கு விற்றார் என்று பெச்சா ஓட்டுகிறவருக்கு என்ன கவலை?

நம் நாட்டு ஆர்எக்ஸ்ஸெட்டையே பாருங்கள். யமஹா அதை 2011-இல் நிறுத்திவிட்டது. இன்றும் திரங்கானுவில் ஒன்றுகூடல் என்றால் ஆயிரக்கணக்கில் வந்து குவிகிறார்கள். வருகிற எல்லாருக்கும் ஊரில் பிளாக் கடைந்து கொடுக்கவும் கார்பரேட்டர் கழுவிக் கொடுக்கவும் ஒரு போமன் இருக்கிறார். அவர் இல்லாவிட்டால் அந்தக் கூட்டத்துக்கு லாரியில்தான் வர வேண்டும்.

"அப்ப எல்லாரும் கப்சாய்தான் ஓட்டணுமா? ஆசைக்கே எடமில்லையா?" என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆசைக்கு நான் எதிரி இல்லை. இருபத்து மூன்று வயதில் எனக்கும் ஆசை இருந்தது. நான் சொல்வது இவ்வளவுதான்: வேலைக்குப் போக ஒரே ஒரு மோட்டார் வைத்திருக்கிறவன், ஆசையின் பெயரில் வேறொருவன் வியாபாரக் கணக்குக்குத் தன் காலை ஈடு வைக்கக்கூடாது. கப்சாயை இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஹோண்டா 'கப்' வண்டியோடு சீனர்களின் 'சாய்' சேர்ந்து வந்த பெயர் அது என்பார்கள். ஜப்பானிலிருந்து அந்த வண்டியை 1950-களின் கடைசியில் இங்கே கொண்டுவந்த லோ பூன் சியூவே பினாங்கில் மெக்கானிக்காக வாழ்க்கையைத் தொடங்கியவர்தான். எந்தக் கம்பத்துக்குப் போனாலும் அந்த வண்டிக்குச் சாமான் கிடைக்கும், பார்க்க ஆள் கிடைக்கும் என்றால் அதற்கு அதுவும் ஒரு காரணம்.

"பெரிய கம்பெனி மூடாது" என்பது இன்னொரு வாதம். கம்பெனி மூடாவிட்டாலும் மாடல் நிற்கும், இறக்குமதி செய்பவர் கைகழுவுவார். நம்மைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றுதான். மின்சார மோட்டார் வந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பவர்களும் இருக்கிறார்கள். இத்தாலியின் எனர்ஜிகா மின்மோட்டார் கம்பெனி 2024 அக்டோபரில் திவாலானது. பிஸ்டனை லேத்தில் கடையலாம். பூட்டிய மென்பொருளை எந்த லேத்தில் கடைவது?

சரி, இதற்கெல்லாம் சட்டமே இல்லையா? இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 37-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பொருளை விற்ற பிறகு, நியாயமான காலம் வரைக்கும் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிச் சாமானும் கிடைக்கச் செய்வது உற்பத்தியாளர் பொறுப்பு என்கிறது. உற்பத்தியாளருக்கு இங்கே தொழிலிடம் இல்லையென்றால் இறக்குமதி செய்தவரே அந்த இடத்தில் நிற்க வேண்டும். 50,000 வெள்ளி வரைக்குமான வழக்கைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம். ஆனால் அந்தப் பிரிவில் ஓர் ஓட்டை உண்டு. 'சாமானுக்கு நாங்கள் பொறுப்பில்லை' என்று விற்கும்போதே தெரிவித்துவிட்டால் அந்தப் பொறுப்பிலிருந்து தப்பித்துக்கொள்ளலாம். 'நியாயமான காலம்' எத்தனை வருடம் என்றும் சட்டம் சொல்லவில்லை. கடையைக் கட்டிக்கொண்டு போனவரைத் தீர்ப்பாயம் எங்கே போய்த் தேடும்? புது பிராண்டை நாட்டுக்குள் விடும்போதே பிரேக், கிளட்ச், மின்கம்பி மாதிரியான உயிர்ச் சாமான்களுக்குப் பத்து வருடக் கையிருப்போ வைப்புத்தொகையோ கட்டாயமாக்க வேண்டும். பினாங்கில் 1969-இலிருந்து பயனீட்டாளர் சங்கம் இயங்குகிறது. அரிசி விலைக்கும் மருந்து விலைக்கும் குரல் கொடுக்கத் தெரிந்த ஊர், பிரேக் பம்புக்கும் கொடுக்கலாம்.

சட்டம் மாறும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்றுதான். 'பாலைப் பார்த்துப் பசுவைக் கொள், தாயைப் பார்த்துப் பெண்ணைக் கொள்' என்பார்கள். பெண் பார்க்கும் பாதி மட்டும் நம் வீடுகளில் இன்னும் ஜோராக நடக்கிறது. பசு விஷயத்தை மறந்துவிட்டோம். மோட்டார் பார்க்க ஷோரூமுக்குப் போகுமுன் உங்கள் தாமான் முனையில் இருக்கும் பட்டறைக்குப் போங்கள். இந்த வண்டி இங்கே வருகிறதா, பிரேக் பம்ப், கிளட்ச் கேபிள், பேரிங் எத்தனை நாளில் கிடைக்கும், ஒரிஜினல் இல்லாவிட்டால் வேறு எது சேரும் என்று கேளுங்கள். போமன் மூஞ்சியைச் சுளித்தாலே பாதிப் பதில் வந்துவிடும்.

ஆனால் கேட்கப் போகிற இடத்தில் போமன் இருக்க வேண்டுமே! எங்கள் ஊரில் தம்பியின் மோட்டாரைக் கடைசிவரை பிழைக்கவைக்கப் போராடிய தவுக்கேவுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். அவர் பிள்ளைகள் சிங்கப்பூரில். கூட நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுக்க ஒரு பையன்கூட இல்லை. நம் வீட்டுப் பிள்ளை அந்த வேலைக்குப் போகிறேன் என்றால், "இதுக்கா படிக்க வச்சேன்?" என்று நாமே கத்துவோம். எழுதுகிறவர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. நான் படித்த கதைகளில் துரையின் மோட்டார் சத்தம் வரும், கிராணி மோட்டாரில் வந்து இறங்குவார், அப்பாவின் பழைய ஹோண்டாவை நினைத்துக் கண்ணீர் வரும். அந்த ஹோண்டாவுக்குச் செயின் மாற்றிப்போட்ட கையைப் பற்றி ஒரு வரி தேடினேன், கிடைக்கவில்லை. என்னுடைய கதைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆஸ்திரியாவில் ஒரு தொழிற்சாலை நின்றால் உலகச் செய்தி. சுங்கை பாக்காப்பில் ஒரு பட்டறையின் ஷட்டர் கடைசியாக இறங்கினால், மறுநாள் டயர் பஞ்சரான ஒருவன் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கும்போதுதான் ஊருக்கே தெரியும்.

மருமகன் இன்னும் எதுவும் வாங்கவில்லை. கேடிஎம் பிழைத்துவிட்டது என்று தெரிந்ததும் படம் பழையபடி சுவருக்கு வந்துவிட்டது. போன சனிக்கிழமை அவனைத் தவுக்கேவின் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தவுக்கே அவன் காட்டிய படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பிறகு, "வாங்கு, பரவால்ல. ஆனா நா செத்தா யாரு ரிப்பேர் பண்ணுவா?" என்று அவருடைய தமிழில் கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை. கீழே கிடந்த பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.