அண்ணப் பிளவும் ராகு கேதுவும்

நமக்கு வேண்டிய ஒரு நெசவாளத் தோழர் வீட்டில் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உதட்டிலே ஒரு குறையும் இல்லை. ஆனால் பால் கொடுத்தவுடன் அது மூக்கு வழியாய் வந்துவிட்டது. ஆஸ்பத்திரித் தாதியம்மாள் குழந்தையின் வாயைத் திறந்து, உள்ளே மேல் அண்ணம் நடுவில் பிளந்திருப்பதைக் காட்டினார். டாக்டர் வந்து பார்ப்பதற்குள்ளாகவே குழந்தையின் பாட்டி காரணத்தைக் கண்டு பிடித்து விட்டார். மருமகள் ஐந்து மாசக் கர்ப்பமாயிருந்தபோது கிரகண வேளையில் அரிவாள்மனையில் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கினாளாம். "அன்றைக்கே சொன்னேன், கேட்டாயாடி?" என்று பிரசவக் கட்டிலிலேயே வசை ஆரம்பமாகி விட்டது. அந்தப் பெண்ணும் தான்தான் குழந்தையின் வாயைக் கிழித்து விட்டதாக நம்பி அழுது கொண்டிருந்தாள்.

தோழர்களே! இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா? கர்ப்பத்தில் மேல் உதடு 4 முதல் 7 வாரத்திற்குள் உருவாகின்றது. அண்ணம் அதைத் தொடர்ந்து இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் கூடி, 3 மாசம் முடிவதற்குள் மூடிக் கொள்ளுகின்றது. கூடாமல் நின்று போனால் அதுவே பிளவு. அப்படியிருக்க, ஐந்தாவது மாசத்தில் நறுக்கின வாழைக்காய் இரண்டு மாசம் பின்னுக்குப் போய் அண்ணத்தை வெட்டிற்று என்றால், ராகுவுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இதே புரளி மெக்ஸிகோ தேசத்திலும் இருக்கின்றது. கிரகணத்தில் சந்திரனைக் கடித்தது போல் குழந்தையின் உதடும் கடிபட்டு விடுமாம். அதற்குப் பரிகாரமாக அங்கே கர்ப்பிணிகள் வயிற்றண்டை இரும்புச் சாவியோ, ஊக்கோ சொருகிக் கொள்ளுகின்றார்கள். நமது நாட்டிலோ கர்ப்பிணி கிரகணத்தன்று கத்தி, ஊசி, அரிவாள் எதையும் தொடக் கூடாது. அங்கே காப்பாற்றுகிற இரும்பு இங்கே வெட்டுகின்றது! இரண்டு ஊரிலும் கிரகணம் ஒன்று, வியாதி ஒன்று. இரும்புக்கு மட்டும் எப்படி இரண்டு புத்தி வந்தது? 2019ம் வருஷம் டிசம்பர் 26ந் தேதி சூரியன் வளையமாய்த் தெரிந்த கிரகணம் கோயமுத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் வழியாகத்தான் போயிற்று. அன்று அவ்வூர்களிலெல்லாம் எத்தனை கர்ப்பிணிகள் வயிற்றுப் பிழைப்புக்காகக் காயும் நறுக்கி, ஊசியும் பிடித்திருப்பார்கள்? பிளவோ உலகத்தில் சுமார் 700 பிரசவங்களுக்கு ஒன்று வீதம், கிரகணம் உள்ள வருஷமும் இல்லாத மாசமும் பார்க்காமல் வந்து கொண்டுதானிருக்கின்றது.

அப்படியானால் காரணந்தான் என்ன என்று கேட்பீர்கள். பரம்பரைக் கூறு உண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள், புகையிலைப் புகை, கர்ப்பத்துக்கு முன்பிருந்தே உள்ள சர்க்கரை வியாதி ஆகியவை சேர்ந்தால் அபாயம் கூடும். (அதற்காக வலிப்பு மருந்தைத் தானாக நிறுத்தி விடுவது இதைவிடப் பெரிய ஆபத்து. டாக்டரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.) பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று விரல் விட்டுச் சுட்ட முடிவதில்லை. டாக்டர் இதை ஒளிக்காமல் "தெரியவில்லை" என்கிறார். ஜோசியனோ தக்ஷிணை வாங்கிக் கொண்டு "தெரியும்" என்கிறான். நமது ஜனங்களுக்குத் தெரியவில்லை என்று ஒப்புக் கொள்ளுகிறவனைக் கண்டால் இளக்காரம்.

பழி சொல்லுவதோடு நின்றிருந்தால் கூட நாம் இதை எழுதியிருக்க மாட்டோம். இந்த மூட நம்பிக்கை அந்தக் குழந்தையின் பேச்சிலேயே கை வைத்து விட்டது என்பதுதான் சங்கதி. அண்ணத்தை மூடும் ரண சிகிச்சைக்கு ஒரு பருவம் உண்டு. பெரும்பாலும் 9 மாசத்துக்கும் 18 மாசத்துக்கும் நடுவில் செய்கிறார்கள். குழந்தை வார்த்தை பழகுகின்ற காலம் அதுதான். பிளந்த அண்ணத்தோடு பேசப் பழகினால் காற்று மூக்கால் போய்விடும். ம, ந இரண்டும் மூக்கெழுத்தானதால் ஒருவாறு வரும். ப, த, க வராது. அந்தக் குழந்தை "அம்மா" என்றாலும் "அப்பா" என்றாலும் கேட்பவர் காதுக்கு "அம்மா"தான். தவறான பழக்கம் ஊறிப் போன பிறகு அண்ணத்தைத் தைத்தாலும் நாக்கு பழைய வழியை விடாது.

நமது தோழரின் குழந்தைக்குப் பதினோராவது மாசத்தில் நாள் கொடுத்தார்கள். அது அஷ்டமி என்று பாட்டி தடுத்து விட்டார். மறுபடி கிடைத்த நாள் ஆடி மாசத்தில் விழுந்தது. "ஆடியில் கத்தி வைக்கவாவது!" என்று அதுவும் போயிற்று. நடுவில் ராகு பரிகாரத்துக்கு இரண்டு தறிக் கூலி செலவு. மூன்றாம் தடவை குழந்தையைக் கொண்டு போனபோது சளியும் காய்ச்சலும் இருந்ததால் டாக்டரே சில வாரம் கழித்து வரச் சொன்னார். "பார்த்தாயா, அவரும் நாள் பார்க்கிறார்" என்றார் பாட்டி. ஆம், பார்க்கிறார். சளி பிடித்த மார்பில் மயக்க மருந்து போனால் மூச்சுத் திணறும். அதனால் பார்க்கிறார். அஷ்டமியில் என்ன திணறும் என்று எந்தப் பஞ்சாங்கக்காரனாவது சொல்லட்டும்.

நாள் பார்ப்பது தப்பென்று நாம் சொல்லவில்லை. எதைப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. எடை ஏறியிருக்கிறதா? ரத்தத்தில் ஹீமோகுளோபின் போதுமா? 10 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது டாக்டர்களிடம் உள்ள பழைய கணக்கு. இருதயத்தில் வேறு குறை உண்டா, காதுக்குள் நீர் கட்டியிருக்கிறதா? பிளவுள்ள குழந்தைகளுக்குக் காதில் நீர் கட்டுவது சகஜம். காது மந்தமானால் பேச்சும் மந்தமாகும். ஆகையால் காதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எடை ஏற வேண்டுமானால் முதல் நாளிலிருந்தே பால் உள்ளே போக வேண்டும். இக்குழந்தைகளால் உறிஞ்ச முடியாது, விழுங்க முடியும். தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து, நமது வீடுகளில் இருக்கின்ற அந்தச் சங்கு அல்லது பாலாடையில் ஊற்றி, குழந்தையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுத்து, அடிக்கடி தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்ய வேண்டும். கொஞ்சம் மூக்கால் வந்தால் பயப்பட வேண்டியதில்லை, துடைத்து விட்டு மறுபடி கொடுக்கலாம். புட்டிப் பாலில் பழக்கிய குழந்தையை ரண சிகிச்சைக்குச் சில வாரம் முன்னதாகவே கிண்ணத்திற்கு மாற்றுவது நல்லது. ஏனென்றால் பிறகு பல இடங்களில் ரப்பர் காம்பை வாயில் வைக்க விடுவதில்லை. முழங்கை மடங்காதபடி கட்டும் அட்டைச் சட்டத்தையும் முன்னதாகவே தினம் கொஞ்ச நேரம் விளையாட்டாகக் கட்டிப் பழக்கலாம்.

அன்று காலையில்தான் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே மோசம். அதனால் தாய்ப்பாலை 4 மணி நேரத்துக்கு முன்பும், மற்றப் பாலையும் ஆகாரத்தையும் 6 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்லுவார்கள். தண்ணீருக்குத் தனி நேரம் சொல்லுவார்கள். பசியால் குழந்தை அலறும். பக்கத்திலே ஒரு பாட்டியோ அத்தையோ மனம் பொறுக்காமல் ஒரு வாய் பாலோ, சுவாமி தீர்த்தமோ, திருநீறு கரைத்த தண்ணீரோ யாருக்கும் தெரியாமல் ஊற்றி விடுவார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனாலும் அந்த ஒரு வாய் எமனாகலாம். ஊற்றி விட்டால் மறைக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லி விடுங்கள், திட்டு வாங்கினாலும் சரி.

கத்தியென்றதும் நடுங்குகிறவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. 1819ம் வருஷம் பாரிஸ் நகரத்தில் ரூ என்கிற வைத்தியர், கனடாவிலிருந்து வந்திருந்த ஸ்டீபன்சன் என்ற வைத்திய மாணாக்கரின் பிளந்த அண்ணத்தைத் தைத்தார். மயக்க மருந்து வழக்கத்துக்கு வந்தது 1846ல். ஆகவே அம்மனிதர் விழித்தபடியே வாயைத் திறந்து கொண்டு தையல் வாங்கினார். பிறகு மான்ட்ரியாலில் வைத்தியக் கல்வி ஸ்தாபனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராகிப் போதனையும் செய்தார். இன்று நமது குழந்தைக்கு அந்த வேதனை ஏது? தூங்கிக் கொண்டிருக்கையிலேயே எல்லாம் முடிந்து விடுகின்றது.

வெளியே வரும்போது பார்க்கிறவர்களுக்குத்தான் கலக்கம். எச்சிலில் ரத்தக் கசிவு இருக்கும், மூக்கடைத்துக் குறட்டை விடும், முகம் வீங்கியிருக்கும், மயக்கம் தெளிந்ததும் ஓயாமல் அழும். முதல் நாளுக்கு இது வழக்கந்தான். புது ரத்தம் நிற்காமல் வந்தாலோ, மூச்சு இழுத்தாலோ, காய்ச்சல் அதிகமானாலோ, சொட்டுத் தண்ணீரும் குடிக்க மறுத்தாலோ தாமதிக்கக் கூடாது. அதற்கப்புறம் டாக்டர் சொல்லுகின்ற இரண்டு மூன்று வாரம் வரையில் பால், வடிகட்டின கஞ்சி, பருப்புத் தண்ணீர் போன்றவையே ஆகாரம். ஒவ்வொரு தடவையும் முடிவில் கொஞ்சம் தண்ணீர் கொடுத்து வாயைச் சுத்தமாக்க வேண்டும். முறுக்கு, பிஸ்கோத்து, கிலுகிலுப்பை, கரண்டி முனை, குழந்தையின் சொந்த விரல் எதுவும் தையலைத் தொடக் கூடாது. இந்த வாரங்களில் பார்க்க வருகிறவர்கள் தின்பண்டம் வாங்கி வராதிருந்தால் பெரிய உபகாரம்.

ராத்திரி முழுவதும் குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு நிற்பது தாயாருக்கு மட்டும் எழுதி வைத்த வேலையா? ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனையோ தகப்பன்மார் பீடி பிடித்துக் கொண்டு "டாக்டர் என்ன சொன்னார்?" என்று பெண்சாதியைக் கேட்டுக் கொண்டிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். உள்ளே போய் நீங்களே கேட்டால் என்ன குறைந்து விடும்? நமது நெசவாளத் தோழர் ஒரு வாரம் தறியை நிறுத்தி விட்டு முறை போட்டுக் கொண்டு விழித்தார். அவ்வளவில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். அஷ்டமியன்று தாயாரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருந்தால் இன்னும் பாராட்டியிருப்போம்.

பணமில்லை என்பதும் இன்று காரணமாகாது. 2013ல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த குழந்தைகள் ஆரோக்கியத் திட்டத்தில், கண்டு பிடித்துச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய குறைகளில் உதடு, அண்ணப் பிளவும் ஒன்று. 1999ல் ஏற்பட்ட ஸ்மைல் ட்ரெயின் என்னும் தர்ம ஸ்தாபனத்தின் உதவியால் நம் நாட்டில் பல ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே செய்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, அங்கன்வாடியிலோ கேட்டால் வழி சொல்லுவார்கள். பரிகாரத்துக்கு மட்டும் எங்கேயும் இலவசமில்லை.

அந்தக் குழந்தைக்குக் கடைசியில் பத்தொன்பதாவது மாசத்தில் சிகிச்சை நடந்தது. தையல் நன்றாகக் கூடிவிட்டது. பால் இப்போது மூக்கால் வருவதில்லை. மாசம் இரண்டு தடவை பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிக் கொண்டு போகிறார்கள். வீட்டில் காகிதத் துண்டை உள்ளங்கையில் வைத்து ஊதச் சொல்லுவதும், மூக்கின் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடித்து ஆவி படிகிறதா என்று பார்ப்பதும் இப்போது அந்தப் பாட்டியின் வேலை. "ப" வந்து விட்டது. "க" இன்னும் சரியாக வரவில்லை.